மயில்சாமியின் இரண்டு வரி

சன்னிவேலில் எல் கமீனோ சாலைக்கு ஒரு தெரு தள்ளி, ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் பதினோரு பேர் வேலை செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. கிளினிக்குகளுக்கு வரும் போன்களை எடுத்து, மனிதக் குரலில் பேசி, டாக்டரிடம் நேரம் வாங்கித்தரும் மென்பொருள்தான் அவர்கள் சரக்கு. பதினோரு பேரில் ஒன்பது பேர் தமிழர்கள். பத்தாவது ஆள் விஜயவாடாக்காரர். ஆனால் நான்கு வருடம் சென்னையில் படித்தவர் என்பதால் அவரையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். பதினோராவது ஆள் ஹாஜர் பிந்தி யூசோப். மலேசியாவில் கெடா மாநிலத்தைச் சேர்ந்த மலாய்ப் பெண்.

நான் சொல்ல வந்தது மயில்சாமியைப் பற்றி. ஆனால் ஹாஜரை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

மயில்சாமி தாராபுரத்துக்காரர். முப்பத்தொன்பது வயது. கம்பெனியில் டெஸ்டிங் லீட், அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்குத் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம், அவருக்குக் கீழே மூன்று பேர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். ஊரில் ஒரு கல்யாணம் என்றால் பந்தியில் கடைசியாக உட்காருகிற ரகம். அதே சமயம், யாராவது சாப்பிடாமல் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காருகிற ரகமும்கூட.

அவருடைய முதல் வேலை புனேயில். அங்கே மீட்டிங் எல்லாம் இந்தியில் நடக்கும். மயில்சாமிக்கு அப்போது இந்தியில் நம்பர்கூடச் சரியாகத் தெரியாது. எல்லோரும் சிரிக்கும்போது இவரும் சிரிப்பார், எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல். அப்படி இரண்டு வருடம். அந்த அவமானம் பதினைந்து வருடம் கழித்தும் அவருக்கு மறக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஹாஜர் கான்ட்ராக்டில் டெஸ்டராகச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, வழக்கம்போல எல்லோரும் வட்டமாக நின்று அன்றைய வேலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ஆங்கிலத்தில்தான் தொடங்கும். நாலாவது நிமிஷம் யாராவது ஒருவர் சூடாகி, “இல்லடா, அது நேத்தே ஃபிக்ஸ் பண்ணியாச்சு” என்பார். அதோடு ஆங்கிலம் போயிற்று. யாரோ ஏதோ கிண்டல் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள், ஹாஜரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மயில்சாமி பார்த்தார். அது புனேயில் தன் முகத்தில் இருந்த அதே சிரிப்பு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு இடத்துக்கு வந்ததும் சாட்டில் ஹாஜருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். லாகின் கோளாறு இன்று சரியாகிவிடும். நீங்கள் போனில் ஸ்பானிஷில் பேசும் மெனுவைப் பாருங்கள். இவ்வளவுதான். ஹாஜரிடமிருந்து பதில் வந்தது: “குறித்துக்கொண்டேன், நன்றி.” மறுநாளும் இரண்டு வரி, மறுநாளும் அதே பதில். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. மயில்சாமி லீவில் இருந்தால்கூட, கூட்டத்தை போனில் கேட்டுவிட்டு இரண்டு வரி போட்டுவிடுவார். மகள் வெண்பாவுக்கு அம்மை போட்டிருந்த நாளில்கூடப் போட்டார்.

எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசியிருந்தால் அந்த இரண்டு வரிக்கே வேலை இருந்திருக்காது. அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நம்மவர்கள் யாரையும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். பேச்சு சுவாரசியமாகிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

மயில்சாமிக்குத் தன் இரண்டு வரியில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வீட்டில் ஒரு தடவை மனைவி பிரீத்தியிடம் சொல்லிக்கொண்டார்.

“நான் மட்டும் இல்லீனா அந்தப் பொண்ணு அங்க ஒரு மாசம் தாங்கியிருக்காது.”

“அப்ப சம்பளத்துல பாதி வாங்கிக்குங்க” என்றார் பிரீத்தி.

பிரீத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அதிகம் இழக்கக் கூடியவர் அவர்தான். திருப்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவைத் தனியாளாகப் பார்த்தவர். மயில்சாமியின் விசாவில் கூட வந்தவர் என்பதால் இங்கே அவருக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. மயில்சாமியின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் அந்த அனுமதி கிடைக்கும். ஐந்து வருடமாகக் காத்திருக்கிறார். அபார்ட்மெண்டில் இருக்கும் ஆன்ட்டிகள், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, எதை எதோடு சாப்பிடக்கூடாது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பார்மசிஸ்ட் பரீட்சைப் புத்தகங்கள் டிவிக்குக் கீழே அடுக்கி இருக்கின்றன. பிரீத்தி வாரம் ஒரு முறை தூசி தட்டுவார், திறக்க மாட்டார்.

இனி அந்த கிரீன் கார்டு மனு. மயில்சாமியின் விசாவுக்கு ஆறு வருடம்தான் ஆயுள். அது முடிய ஒரு வருடம் இருக்கும்போதே, அதாவது இந்த செப்டம்பர் முடிவதற்குள், கம்பெனி மனுவைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அடுத்த செப்டம்பரில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மனுப் போடுவதற்கு முன் ஒரு சடங்கு இருக்கிறது. மயில்சாமி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் அதே வேலைக்கு ஆள் தேவை என்று கம்பெனி விளம்பரம் செய்ய வேண்டும். இந்த நாட்டில் வேலை பார்க்க உரிமை உள்ள, தகுதியான ஒருவரும் வரவில்லை என்று காட்ட வேண்டும். ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு ஆள் தேடுகிற இந்த விளம்பரங்களை நம் ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். யாரும் அப்ளை பண்ண மாட்டார்கள். யாரோ ஒருவருடைய கிரீன் கார்டு அது என்று தெரியும். எங்கும் எழுதி வைக்காத மரியாதை அது.

ஆனால் காலம் மாறிவிட்டது. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆளைக் குறைத்ததில், போன வருடம் ஜெயபிரகாஷ் என்ற இன்ஜினியருக்காகப் போட்ட விளம்பரத்துக்கு நாற்பது பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். அதில் பத்துப் பேர் ஜெயபிரகாஷைவிடத் தகுதியானவர்கள். வக்கீல் கையை விரித்துவிட்டார்.

அதனால் இந்த ஜூலையில் முதலாளி ஸ்ரீநிவாஸ் மயில்சாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஸ்ரீநிவாஸ் சென்னைக்காரர், கெட்டவர் இல்லை. தன் ஆட்களுக்கு கிரீன் கார்டு வாங்கித்தர வேண்டும் என்பதில் நிஜமான அக்கறை உள்ளவர்.

“மயில், இந்த வாட்டி ஒரு ஃபில்டர் வேணும்பா. லீட் வேலைக்கு எக்ஸ்பீரியன்ஸ் மட்டும் கேட்டா கியூல வந்து நிப்பாங்க. உன்கிட்ட இருக்கற, வெளில ஈஸியா கிடைக்காத ஏதாவது ஒண்ணு சொல்லு.”

மயில்சாமி யோசித்தார். ஓட்டை தேடுவதே தொழிலாகக் கொண்டவர், சட்டத்திலும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

“தமிழ் தெரிஞ்சிருக்கணும்னு போடலாங்களா சார்? நம்ம டெய்லி மீட்டிங்கே தமிழ்லதானுங்களே நடக்குது. பொய் ஒண்ணும் இல்லையே.”

ஸ்ரீநிவாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, “இத்தனை நாள் எங்கப்பா இருந்தே நீ” என்றார். டெக்ஸஸில் ஒரு கிளினிக் எப்போதோ தமிழ் மெனு கிடைக்குமா என்று விசாரித்திருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலைக்கு அந்த மொழி உண்மையிலேயே தேவையா என்று வக்கீல் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஸ்ரீநிவாஸ் ஆமாம் என்றார்.

விளம்பரம் வெளியே போயிற்று. சட்டப்படி அலுவலகத்துக்குள்ளும் பத்து வேலை நாள் ஒட்டி வைக்க வேண்டும். ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்க்கும் மீனாக்ஷி, சமையல் மேடையில் மைக்ரோவேவுக்குப் பக்கத்துச் சுவரில் நோட்டீஸைக் குத்தி வைத்தார். டெஸ்டிங் லீட், ஏழு வருட அனுபவம், தமிழ் பேசவும் படிக்கவும் தெரிந்திருப்பது கட்டாயம், அணியின் அன்றாட வேலை அம்மொழியிலேயே நடைபெறுகிறது. எல்லோரும் மயில்சாமியின் முதுகில் தட்டி, பார்ட்டி எப்போது என்று கேட்டார்கள். ஹாஜரும் அங்கேதான் தினமும் சோறு சூடு பண்ணுவார். மைக்ரோவேவ் ஓடும் இரண்டு நிமிஷமும் அவர் அந்த நோட்டீஸுக்கு எதிரில்தான் நிற்க வேண்டும். மயில்சாமிக்கு அது உறைக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் ஸ்ரீநிவாஸ் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வந்த விண்ணப்பங்களை மயில்சாமி பார்க்கவே கூடாது என்பது சட்டம். ஸ்ரீநிவாஸ் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

“ஒரே ஒரு அப்ளிகேஷன்தான் வந்திருக்கு. யாருதுன்னு பாரு.”

ஹாஜர் பிந்தி யூசோப். கணவர் அமெரிக்கக் குடிமகன், ஹாஜரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. ஒன்பது வருட அனுபவம். கடிதம் அரைப்பக்கம்தான். எனக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இந்த அணியில் மூன்று வருடமாக இதே வேலையைச் செய்கிறேன் என்று தொடங்கியது. தமிழில் நடக்கும் பேச்சு எனக்கு மயில்சாமி தினமும் எழுதும் இரண்டு வரியில் வந்துவிடுகிறது. அதை வைத்து நான் எழுதிய டெஸ்ட் பிளான்களைத்தான் அணி முழுவதும் பயன்படுத்துகிறது. ஆகவே இந்த வேலைக்குத் தமிழ் கட்டாயம் என்பது சரியல்ல. மாதிரிக்கு முப்பது நாள் இரண்டு வரிகளை இணைத்திருந்தார். முப்பதும் மயில்சாமியின் கையால் எழுதியவை.

“வக்கீல் என்ன சொல்றாருங்க சார்?”

“அவளுக்குத் தமிழ் இல்லாததால வேலை கெட்டுதுன்னு நாம காட்டணும். காட்டினா ரிஜெக்ட் பண்ணலாம், ஃபைல் பண்ணலாம். நீதான் அவளோட லீட். ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் கொடு. டிரான்ஸ்லேட் பண்ணியே என் டைம் போச்சு, பாதி விஷயம் அவளுக்குப் போய்ச் சேரல, குவாலிட்டி அடி வாங்குச்சு. ஒரு பக்கம் போதும்.”

“அது அப்படி இல்லைங்களே.”

“எனக்கும் தெரியும் அப்படி இல்லேன்னு. உனக்காகத்தான் சொல்றேன். திங்கக்கிழமை கொடு.”

அன்று சாயங்காலம் வெண்பாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வரும் வழியில் மயில்சாமி பிரீத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிரீத்திதான் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பொண்ணுக்குத்தான் கிரீன் கார்டும் இருக்குது, வேலையும் இருக்குது. எதுக்குங்க அப்ளை பண்ணுது?”

“தெரியல.”

“நீங்க எழுதிக் குடுத்தா அதுக்கு வேலை போயிருமா?”

“போகாது. கான்ட்ராக்ட் அப்படியேதான் இருக்கும்.”

“அப்புறம் என்ன? எழுதிக் குடுங்க.”

“பொய்யி பிரீத்தி.”

“அஞ்சு வருஷமா நான் வீட்ல உக்காந்திருக்கறேன். தெரியாத ஆன்ட்டிக்கெல்லாம் மாத்திரை பார்த்துச் சொல்லிட்டு. நல்லவரா இருக்கறதுக்கு உங்களுக்கு இந்த வாரந்தான் கெடச்சுதுங்களா?”

பின்னால் வந்த கார் ஹார்ன் அடித்தது. சிக்னல் எப்போதோ பச்சை ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை வெண்பாவுக்குத் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் உள்ளே இரண்டு மணி நேரம் படிப்பார்கள், அப்பாமார்கள் கார் நிறுத்துமிடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மயில்சாமி காரிலேயே உட்கார்ந்து தன் இரண்டு வரிகளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அறுநூறுக்கு மேல் இருக்கும். ஸ்டேட்மெண்டுக்கு உபயோகமாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் தேடினார். அதை மறைப்பானேன்? ஹாஜர் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்ட நாள் ஒன்று கிடைத்தால் போதும், ஸ்டேட்மெண்ட் பாதி உண்மையாகிவிடும்.

அப்படி ஒரு நாள்கூட அகப்படவில்லை. அவர் அரைகுறையாக எழுதிய நாட்களில்கூட ஹாஜர் ஒரு கேள்வி கேட்டுச் சரியாகவே செய்திருந்தார். மயில்சாமி தேடாத வேறொன்றுதான் அகப்பட்டது. போன நவம்பர் பதினான்காம் தேதி. “இன்று புதிதாக ஒன்றுமில்லை.” ஒரே வரி. மூன்று வருடத்தில் ஒரே வரி எழுதிய நாள் அது ஒன்றுதான். ஏன் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. மெயிலைத் திறந்து அந்தத் தேதியைப் பார்த்தார். காலை பத்தேகாலுக்கு, அதாவது அந்த ஒரு வரியை எழுதிக் கால் மணி நேரத்தில், பாலசுப்ரமணியன் என்ற பையனின் ரெஸ்யூமை ஸ்ரீநிவாஸுக்கு அனுப்பியிருந்தார்.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைய கூட்டத்தில் ஸ்ரீநிவாஸ், ஜனவரியிலிருந்து டெஸ்டிங்கில் ஒரு முழுநேர வேலை வருகிறது, தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று சொன்னார். தமிழில்தான் சொன்னார். பாலசுப்ரமணியன் மயில்சாமியின் கல்லூரி ஜூனியர், வேலை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவன். வேலை அவனுக்கே கிடைத்தது. ஹாஜர் அப்போது இரண்டு வருடத்துக்கு மேலாகக் கான்ட்ராக்டில் இருந்தார். லீவுக்குச் சம்பளம் கிடையாது, கம்பெனியின் மருத்துவக் காப்பீடு கிடையாது. அவரிடம் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். அவர் கேட்டிருந்தால் பாலுவுக்குக் கிடைத்திருக்காது. சொல்ல வேண்டாம் என்று மயில்சாமி உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை. விரல் தானாக வேறொன்றை எழுதிவிட்டது.

வெண்பா வந்து கதவைத் திறந்தாள். “அப்பா, வை ஆர் யூ சிட்டிங் லைக் தட்?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். போகும் வழியெல்லாம் ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று பேசியது ஹாஜருக்குப் புரிந்திருக்காது.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். ஹாஜர் மைக்ரோவேவ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மயில்சாமி போய்ப் பக்கத்தில் நின்றார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், எப்போதுமே.

“அது என்னுடைய கிரீன் கார்டு விளம்பரம். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். மூன்று வருடம் இந்த அலுவலகத்தில் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் இருக்குமா?” ஹாஜர் நோட்டீஸைப் பார்த்தபடியே பேசினார். “அனுபவம் மட்டும் கேட்டிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். உங்கள் மகளுக்கு நான் பிறந்தநாள் கேக் செய்திருக்கிறேன்.”

“பிறகு ஏன்?”

“படித்து முடித்ததும் பினாங்கில் ஒரு வருடம் வேலை தேடினேன். கணினியில் நம்பர்களைச் சரிபார்க்கும் வேலை. சீனர்களின் மாண்டரின் மொழி பேசுகிறவர்கள் மட்டும் என்று போட்டிருப்பார்கள். நம்பருக்கு எதற்கு மாண்டரின் என்று ஓர் இடத்தில் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதில்தான் பேசுகிறோம், வந்தால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் பிறந்த நாட்டில், என் மொழி தேசிய மொழியாக இருக்கிற ஊரில். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து, அதே வாக்கியத்தை இந்தச் சுவரில் எட்டு நாள் படித்தேன். எட்டாம் நாள் முடியவில்லை.”

“அந்த வரி என் யோசனை” என்றார் மயில்சாமி. “ஸ்ரீநிவாஸ் சொன்னதல்ல.”

ஹாஜர் முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். மைக்ரோவேவ் நின்றது. டப்பாவை அவர் எடுக்கவில்லை.

“நீங்களாக இருக்காது என்று நினைத்திருந்தேன்” என்றார். பிறகு, “நவம்பரில் ஒரு நாள் எனக்கு ஒரே ஒரு வரி எழுதினீர்கள்” என்றார்.

மயில்சாமி பார்வையை நோட்டீஸின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உங்கள் தமிழில் முக்கியமான வார்த்தையெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஃபுல் டைம் என்றார் ஸ்ரீநிவாஸ். டெஸ்டர் என்றார். ஜனவரி, ரெஃபரல், பெனிஃபிட்ஸ். எனக்குப் புரியாதது நடுவில் வந்த நாலைந்து வார்த்தைதான். இடத்துக்குப் போய் உங்கள் இரண்டு வரிக்காக உட்கார்ந்திருந்தேன். இன்று புதிதாக ஒன்றுமில்லை என்று வந்தது.”

“அப்போதே என்னிடம் கேட்டிருக்கலாமே.”

“நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்துவிட்டேன். ஜனவரியில் பாலு வந்து உட்காரும்வரை அப்படித்தான் நினைத்தேன். என் காதைவிட உங்கள் இரண்டு வரியை நம்பினேன்.”

ஹாஜர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். மயில்சாமி அந்த நோட்டீஸுக்கு முன்னால் தனியாக நின்றார். புனேயில் அந்த இரண்டு வருடமும் தன்னிடமிருந்து யார் யார் எதையெல்லாம் மறைத்திருப்பார்களோ என்று அவர் பலமுறை நினைத்துப் பொருமியதுண்டு. மறைக்க அங்கே யாரும் மெனக்கெடவில்லை. அவர்களுக்கு இவர் ஒரு பொருட்டே இல்லை. இங்கே தினமும் பரிவோடு எழுதிக்கொண்டிருந்தவரே மறைத்திருக்கிறார். எது மோசம் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கண்ணாடி அறைக்குப் போனார்.

“எழுத முடியாதுங்க சார்.”

ஸ்ரீநிவாஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “யோசிச்சுதான் சொல்றியா? செப்டம்பர் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஃபேமிலி இருக்கு உனக்கு.”

“தெரியுங்க. அந்தப் பொண்ணு எந்த வேலையையும் கெடுக்கல. கெடுத்துதுன்னு என் கையால எழுத முடியாது. எழுதறதையே நான் ஒழுங்கா எழுதலைங்க சார்.”

கடைசி வாக்கியம் ஸ்ரீநிவாஸுக்குப் புரியவில்லை. அவர் வக்கீலுக்குப் போன் பண்ணினார். மொழி நிபந்தனையை எடுத்துவிட்டு முதலிலிருந்து விளம்பரம் செய்யலாம், ஆனால் அதற்கான காத்திருப்பு நாட்களைச் சேர்த்தால் செப்டம்பரைத் தாண்டிவிடும் என்றார் வக்கீல். புதன்கிழமை மீனாக்ஷி நோட்டீஸைக் கழற்றிவிட்டார். ஹாஜருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைப்பதற்கு அப்படியொரு காலியிடம் முதலிலிருந்தே இல்லை. அவருடைய கான்ட்ராக்ட் பழையபடி ஓடியது. அலுவலகத்தில் சிலர் ஹாஜரோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள். நம்ம ஆளு கிரீன் கார்டுல மண்ணைப் போட்டுட்டா என்று ஜெயபிரகாஷ் சொன்னது மயில்சாமியின் காதுக்கும் வந்தது.

“மண்ணைப் போட்டது நாந்தான்யா” என்றார் அவரிடம். ஜெயபிரகாஷ் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

ஸ்டேட்மெண்ட் எழுதவில்லை என்று சொன்னதும் பிரீத்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து நவம்பர் பதினான்காம் தேதி விஷயத்தையும் மயில்சாமி அவரிடம் சொன்னார். சொன்னபோது பிரீத்தி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கு வேலையும் இருக்குதுன்னு நான் சொன்னேன்” என்றார் பிரீத்தி. “இன்ஷூரன்ஸ் இல்லாத வேலைன்னு எனக்குத் தெரியாது.” மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, “நான் உங்களை இன்னும் மன்னிக்கலீங்க” என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை பார்த்தால் டிவிக்குக் கீழே இருந்த புத்தகங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தன. கனடாவில் பார்மசிஸ்ட் பரீட்சைக்கு என்ன பாடத்திட்டம் என்று பிரீத்தி லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவோ கோயம்புத்தூரோ, எங்கே போனாலும் தான் வேலைக்குப் போவது நிச்சயம் என்றார். அதில் மயில்சாமியின் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக் கூட்டம். நாலாவது நிமிஷம் வழக்கம்போலத் தமிழ் வந்தது. மயில்சாமி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். மறுபடி தமிழில் கேட்டார்கள், மறுபடி ஆங்கிலத்தில் சொன்னார். என்னய்யா இவனுக்கு ஆச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆனாலும் கூட்டம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே முடிந்தது. ஹாஜருக்கு எழுத அன்று எதுவும் மிச்சமில்லை.

ஆனாலும் மயில்சாமி இடத்துக்கு வந்து சாட்டைத் திறந்து இரண்டு வரி எழுதினார். சென்ற நவம்பர் பதினான்காம் தேதி கூட்டத்தில், ஜனவரி முதல் டெஸ்டிங்கில் ஒரு முழுநேர வேலை இருப்பதாக ஸ்ரீநிவாஸ் அறிவித்தார். என் நண்பனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக நான் அதை உங்களிடம் சொல்லவில்லை.

அனுப்பிவிட்டு ஹாஜரின் இருக்கைப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பதில் உடனே வரவில்லை. மதியமும் வரவில்லை. சாயங்காலம் ஹாஜர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் வந்தது. மூன்று வருடமாக வந்த அதே பதில்தான், ஒரு சொல் மட்டும் குறைந்திருந்தது.

“குறித்துக்கொண்டேன்.”